கோலார் மண்மேட்டில் மிச்சத் தங்கம்: யாருக்குப் பங்கு?

கோலார் தங்க வயல் மீண்டும் திறக்கப் போகிறது என்ற பேச்சு நாட்றம்பள்ளி, வாணியம்பாடி பகுதிகளில் அவ்வப்போது கிளம்புகிறது. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, பங்காருபேட்டையில் மாரிக்குப்பம் ரயிலுக்கு மாறினால் போய்விடலாம். பழைய வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்தன. ஆகவே "பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா ஹஜ்ரத்?" என்று பெற்றோர் நம்மிடம் கேட்பது இயல்பே.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய அச்சுரங்கங்களிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கியது. அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. தங்கம் அடியோடு தீர்ந்துவிடவில்லை. ஆழம் கூடக் கூட, எடுக்கும் செலவு விற்கும் விலையை விஞ்சிவிட்டது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது இந்தச் சுரங்கங்களைத் திறக்க அல்ல. அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய 13 கழிவு மண்மேடுகளைத் தோண்டவே. பரப்பு சுமார் 1,003 ஏக்கர். அந்த மண்ணில் டன்னுக்கு 1 கிராம் தங்கம் கூடத் தேறாது. விலை ஏறிவிட்டதால் அதுவும் இப்போது லாபம் என்று கணக்கிடுகிறார்கள். மண்ணை அள்ளுவதும் கரைப்பதும் பெரும்பாலும் இயந்திர வேலை. பாட்டனார் காலத்தைப் போல ஊர் ஊராக ஆள் எடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கழிவு மேடு என்றால் என்ன என்பதைத் தோல் தொழிலில் வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் 1995ல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். நிலத்தடி நீரைக் கெடுத்தது அது. தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோலார் மேடுகள் சயனைடு கலந்து அரைத்த மண். தங்க வயலுக்குத் தண்ணீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றில் உள்ளது. அதே ஆறுதான் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வருகிறது. சுரங்கப் பகுதி மக்களுக்கென 2015 சட்டத் திருத்தம் உருவாக்கிய கனிம அறக்கட்டளை நிதி மாவட்ட அளவிலானது. பணம் அங்கே நிற்கும், தண்ணீர் இங்கே வரும். நம் ஜமாஅத்துகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கரைத்த மண்ணை எங்கே, எப்படிச் சேமிப்பார்கள் என்பதே. வேலைவாய்ப்புக் கேள்வி அதற்குப் பிறகுதான்.

மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. அப்யழ் பின் ஹம்மால் (ரலி) அவர்கள் கேட்டதன்பேரில் மஃரிப் உப்புச் சுரங்கத்தை நபி (ஸல்) அவர்கள் அவருக்கு வழங்கினார்கள். அது வற்றாத நீரைப் போன்றது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் எளிதில் கிடைக்கும் கனிமத்தைத் தனியொருவருக்கு ஒதுக்கக் கூடாது என்பதற்கு ஃபுகஹாக்கள் இதையே ஆதாரமாக்கினர். உருக்கத்தக்க உலோகம் சுரங்கத்தில் கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹப். ஷாஃபிஈயில் தங்கம், வெள்ளிக்கு நாற்பதில் ஒரு பங்கு. தங்கம் முழுவதும் எடுப்பவருக்கே என்று இவ்விரு மத்ஹபுகளும் பொதுவாகச் சொல்லவில்லை.

பேட்டரிக்கான லித்தியம் பற்றிய பேச்சும் இப்போது பலமாக இருக்கிறது. காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் தாது இருக்கலாம் என 2023 பிப்ரவரியில் அறிவித்தார்கள். போதிய ஏலதாரர் வராததால் 2024ல் அந்த ஏலமே ரத்தானது. பூமியில் இருக்கிறது என்ற அறிவிப்புக்கும் சுரங்கம் தோண்டுவதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்க, "தங்கச் சுரங்கத்தில் பங்கு, லித்தியத்தில் பங்கு, மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் பணம் கொடுக்காதீர்கள். முதலுக்கும் லாபத்துக்கும் உத்தரவாதம் தரும் முதலீடு வட்டியே. வருபவர் தொப்பி அணிந்தவரானாலும் ஃபத்வா நகல் காட்டினாலும், சுரங்கக் குத்தகை யார் பெயரில் உள்ளது என்ற அரசு ஆவணத்தை முதலில் கேளுங்கள்.