ஒரு சிவப்பு மாத்திரையின் கதையும் என் பி.எச்டி. ஆசையும்

ரொம்ப நாளாக ஒரு விஷயத்தை எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். வரலாறுதான், ஆனால் ராஜா ராணி கதை இல்லை.

போன மாதம் ஊருக்கு, அதாவது ஆனைக்குட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் மதினி மாசமாக இருக்கிறார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிவப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "தம்பி, நீ பயோகெமிஸ்ட்ரிதானே படிக்கிற? இதுல என்னதான் இருக்கு? என்கூட வேலை பார்க்குற பொண்ணும் இதையேதான் சாப்பிடுறா. அவளுக்கு ரத்தம் ஏறிருச்சு, எனக்கு ஏறலையே, ஏன்?" என்றார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன்: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இரண்டாவது கேள்விக்கு முழித்தேன். அந்த முழிப்புதான் இந்தப் பதிவு.

குன்னூரும் பம்பாயும்

ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு இந்தியாவில் தொட்டில் எது தெரியுமா? நம்ம குன்னூர்! 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். பிறகு, இந்தியாவின் பல பகுதி மக்களுடைய சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற 'பஞ்சாப்' எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசிச்சோறே பிரதானமாகத் தின்ற 'மெட்ராஸ்' எலிகள் கடைசி வரிசை (சிரிக்காதீர்கள், நாமும் அதே சாப்பாடுதான்). அந்த ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. 1969 முதல் அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஒரு விதமான கடும் ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. அவர்களில் பலர் பஞ்சாலைத் தொழிலாளிகள். 1929-ல் சில மாதங்கள் குன்னூரிலும், 1931-ல் மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். (இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது.) மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை குணமாவதை 1931-ல் வெளியிட்டார். சாற்றில் இருந்த பொருள் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-ல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தார்கள். இலைக்கு லத்தீனில் 'ஃபோலியம்', அதனால் ஃபோலிக் அமிலம்.

சுப்பாராவின் பி.எச்டி.

அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். மெட்ரிக் பரீட்சையில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சகோதரர்களை 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். சாப்பிட்ட சத்து உடம்பில் சேராமல் போகும் நோய் அது.

அமெரிக்கா போய், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை 1925-ல் வந்தது. 1929-ல் ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் இவரும் ஒருவர். 1930-ல் பி.எச்டி. 1945-ல் லெடர்லே நிறுவனத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அது ஸ்ப்ரூவுக்கும் மருந்தானது! 1948-ல் காலமானார்.

ஒரே மாத்திரை, இரண்டு உடம்பு

சரி, மதினியின் கேள்விக்கு வருவோம். மெக்காரிசன், வில்ஸ், சுப்பாராவ் எல்லோரும் தேடியது 'எந்தச் சத்து குறைகிறது' என்பதை. ஆனால் சத்துகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் உடம்புக்குள் ஒரே வடிவத்தில் சிக்கிக்கொள்ளும், இருந்தும் பயன்படாது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையக் கொடுத்தால் சோகை சரியானதுபோலத் தெரிந்து, பி12 குறைவு மறைந்துவிடலாம். நரம்பு பாதிக்கப்பட்ட பிறகே தெரியவரும். போதாததற்குக் குடல் புழு, பரம்பரை, சாப்பாட்டோடு குடிக்கும் டீ என்று பல காரணங்கள்.

இத்தனையையும் ஒரே வலையாகப் பார்ப்பதுதான் சிஸ்டம்ஸ் பயாலஜி. 2007-ல் கலிஃபோர்னியாவில் மனித வளர்சிதை மாற்றத்தின் முதல் முழு வரைபடங்களில் ஒன்று வந்தது. அதில் 3,300-க்கும் மேற்பட்ட வினைகள். 2018-ல் வந்த ரீகான்3டி-யில் 13,000-க்கும் மேல். ஒரு சத்தைக் குறைத்தால் எந்தப் பாதை அடைபடும் என்று கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் கணக்கு சரியா என்று சொல்ல, நிஜ மனிதர்களின் ரத்தம் வேண்டும், சாப்பாட்டு விவரம் வேண்டும்.

நமக்கு இடம் உண்டா?

உண்டு நண்பர்களே. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ., கணக்கும் உயிரியலும் சேரும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்று கதவுகள் இருக்கின்றன. எம்.எஸ்ஸி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால், 2023-ல் உயர்த்தியபடி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. "இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா?" என்று கேட்கும் அப்பாவிடம் சொல்ல இது முக்கியமான தகவல்! லேப் வேலை மட்டும் தெரிந்தால் போதாது. புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். நானும் தொடங்கிவிட்டேன்.

மதினியிடம், "அடுத்த தடவை போகும்போது பி12-ம் பார்க்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பம்பாய் ஆலைத் தொழிலாளிகளின் ரத்தத்திலிருந்துதான் அந்த மாத்திரையின் கதை தொடங்கியது. மதிய உணவு தந்த காமராஜர் பிறந்த மாவட்டத்தில், தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் ரத்தத்திலும் பதில் தேடவேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அதை யாராவது வெளியூர்க்காரர் வந்துதான் கேட்கவேண்டுமா என்ன?

மீண்டும் சந்திப்போம்.