ஒளியால் இயங்கும் மென் ரோபோக்கள்

மோட்டாரோ மின்கலமோ இல்லாமல், ஒளி பட்டதும் அசையும் திரவப் படிகப் பாலிமர் கருவிகள் இவை. இவற்றில் ஒளியை வெறும் எரிபொருளாகக் கருதினால் போதாது. அசைவை வழிநடத்துவதும் அதுவே. 2003-இல் ஜப்பானின் இக்கேடா குழுவினர் அசோபென்சீன் கொண்ட மெல்லிய படலத்தின்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சினர். நீண்டிருந்த அசோபென்சீன் மூலக்கூறுகள் மடங்கி, ஒளி பட்ட மேற்பரப்பு சுருங்க, படலம் வளைந்தது. ஒளியின் முனைவாக்கத் திசையை, அதாவது ஒளியலை அதிரும் திசையைத் திருப்பியதும் வளையும் திசையும் திரும்பியது. கண்ணுறு ஒளி அதை மீண்டும் தட்டையாக்கியது.

தடித்த பொருளுக்குள் ஒளி ஊடுருவாது, ஆற்றலில் சிறு பங்கே அசைவாகிறது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் ஒளி மேற்பரப்போடு நின்றுவிடுவதால்தான் வளைவே பிறக்கிறது. முழுத் தடிமனும் ஒருசேரச் சுருங்கினால் நீளம்தான் குறையும். இந்த வளைவைத் தொடர் அசைவாகவும் மாற்றலாம்: 2017-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் ஆய்வாளர்கள் இரு முனையும் பொருத்திய படலத்தில் நிலையான ஒளியைப் பாய்ச்ச, படலம் தன் நிழலில் தானே ஆறி மீண்டும் சூடேற, அலை ஓயாமல் ஓடியது. கம்பி நுழைய முடியாத நுண்ணிய இடங்களில், ஆற்றல் சிக்கனத்தைவிடத் தொலைவிலிருந்து ஏவும் இந்த வசதியே பெரிது.