மரம் அறுக்கும் வாளும் மனிதனைக் காக்கும் கருவியும்

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி ஆலயத்தை அடுத்துக் குதிரைமாளிகை என்னும் அரண்மனை இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1840-ஆம் ஆண்டுகளில் எழுந்தது அது. கூரையின் விளிம்பை ஒட்டி வரிசையாக நிற்கும் 122 மரக்குதிரைகளே அதற்குப் பெயர் தந்தன. அவற்றைச் செதுக்கிய தச்சர்களுக்கு உளியும் இழைப்புளியும் கைவாளுமே துணை. பெருந்தடியை அறுக்க வேண்டுமாயின் மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளை இழுப்பர். அந்த வாள் தவறினால் விரலை வெட்டும். அதன் ஆபத்து முழுவதும் அதன் பல்லிலேயே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எதுவும் அதன் பிடியில் ஒளிந்திருக்கவில்லை.

மின்சாரம் வந்த பின்னர் இந்நிலை மாறியது. 1929-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசாங்கம் திருவனந்தபுரத்தில் அனல்மின் நிலையம் ஒன்றைத் தொடங்கிற்று. தம்பானூருக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் அருகே செல்லும் வீதிக்குப் பவர்ஹவுஸ் ரோடு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1957-இல் கேரள மாநில மின்சார வாரியம் அமைந்தது. விளக்குக்கென வந்த மின்சாரம் நாளடைவில் தச்சனின் பட்டறைக்குள்ளும் நுழைந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் கைக்கடக்கமான மின்வாளும் உலகில் தோன்றியது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் மிஷெல் என்பவர், கரும்பு வெட்டும் அரிவாளின் பிடியில் சிறு மோட்டாரையும் வட்ட வாளையும் பொருத்திப் பார்த்தார். ஜோசப் சல்லிவன் என்பவருடன் சேர்ந்து 1924-இல் அவ்வாளைச் செய்யும் நிறுவனத்தையும் தொடங்கினார். இருவர் பாடுபட்டு அறுத்த பலகையை இனி ஒருவரே சில நிமிடங்களில் அறுக்கலாம் என்றாயிற்று. ஆனால் தச்சனின் கைக்கு வந்தது வாள் மட்டுமன்று. அதன் வாலாக நீண்ட கம்பி வழியே மின்சாரமும் வந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். அந்நாளில் மின்சாரத்துக்கு இருந்த காவல் ஃபியூஸ் ஒன்றே. ஃபியூஸ் என்பது கம்பியைக் காப்பதற்காக ஏற்பட்டது. மனிதனைக் காப்பதற்காக அன்று. 16 ஆம்பியருக்குரிய ஃபியூஸ், அந்த அளவைக் கடந்து மின்னோட்டம் பெருகினால்தான் உருகும். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம், ஈரமான உடலின் வழியே பாய்ந்தால் ஏறத்தாழ கால் ஆம்பியர் அளவே ஓடக்கூடும். அது ஃபியூஸ் பொறுக்கும் அளவில் ஏறத்தாழ 70-இல் ஒரு பங்கு. ஃபியூஸ் அதை உணர்வதில்லை; இதயமோ அதைத் தாங்குவதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் மனிதர்களைக் கொண்டே சோதித்து, ஆடவர்க்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த பொருளை விடும் ஆற்றல் போய்விடுகிறது என்று கண்டார். "ஷாக் அடித்தால் கையை எடுத்துவிடலாம்" என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

மனிதனைக் காக்கும் கருவி பிறந்தது தென்னாப்பிரிக்காவில். அங்கே தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் என்பவர் 1955-இல் மின்கசிவை உணரும் சாதனம் ஒன்றை அமைத்தார். அடுத்த ஆண்டிலேயே அதனை மேலும் நுட்பமாக்கினார். ஸ்டில்ஃபோன்டைன் என்னும் சுரங்கக் குடியிருப்பில் வீட்டு மின்கருவி ஒன்றால் ஒரு பெண் உயிரிழந்தாள். அதன் பின்னர் 1957, 1958-ஆம் ஆண்டுகளில் 20 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனங்கள் அவ்வூர் வீடுகளில் நூற்றுக்கணக்கில் பொருத்தப்பட்டன. இதன் தத்துவம் எளியது. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கிறது. குறைந்தால், குறைந்த பங்கு வேறு வழியில், ஒருவேளை ஒரு மனிதனின் உடல் வழியே, மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு உடனே இணைப்பை அறுக்கிறது. கேரளத்தில் இதனை ஈ.எல்.சி.பி. என்பர். இந்திய மின் பாதுகாப்பு விதிகள் 2010-இல் வெளிவந்தபோது இதற்கெனத் தனி விதி இடம்பெற்றது; அவ்விதித் தொகுப்பு 2023-இல் புதுப்பிக்கப்பட்டது.

வாள் பிறந்து 30 ஆண்டுகளுக்குப் பின்னரே அதைப் பிடிப்பவனுக்குக் காவல் பிறந்தது. இன்றும் பல இடங்களில் அந்த இடைவெளி மூடப்படவில்லை. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து திருவனந்தபுரம் சென்று மரவேலை செய்யும் நம்மவர் பலர். முடிவுறாத கட்டடத்தில், தற்காலிக இணைப்பிலிருந்து, பலமுறை ஒட்டிய நீண்ட கம்பி வழியே வாளை ஓட்டும் நிலை அவர்களுக்கு நேர்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் ஊர் அது. ஈரத் தரையும் வெறுங்காலும் வியர்த்த கையும் மின்சாரத்துக்கு வழி அமைத்துக் கொடுக்கின்றன. பம்பாயிலோ பெங்களூரிலோ கல்கத்தாவிலோ வாழும் நமக்கும் இது பொருந்தும்.

ஆதலின் வேலை தொடங்குமுன் கம்பியை முனைக்கு முனை பார்த்தல் வேண்டும்; வெடித்த உறையை டேப்பால் மறைத்தல் போதாது. மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை முறித்தல் கூடாது. சதுரத்துக்குள் சதுரம் பொறித்த வாளுக்கு இரட்டை உறை உண்டு. அதற்கு எர்த் தேவையில்லை, எனினும் நீர் அதற்கும் பகையே. கம்பி எப்பொழுதும் வாளுக்குப் பின்புறம் கிடக்கட்டும். தன் கம்பியைத் தானே அறுக்கும் வாள் புதிதன்று. வாளை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுக. ஈ.எல்.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க. ஆயின் இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டவனை அக்கருவியாலும் காக்க இயலாது. ஒருவர் மின்சாரத்தில் சிக்கினால் அவரைத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. பின்னர் 112 என்னும் எண்ணை அழைக்க.

வேலைக்கு ஆள் அமர்த்துவோர்க்கும் ஒரு கடமை உண்டு. மேசையின் விலையையும் கதவின் விலையையும் பேசும்பொழுதே, அந்த இணைப்பில் ஈ.எல்.சி.பி. உண்டா என்று கேட்டல் வேண்டும். கூலிக்கு வந்தவர் அதைக் கேட்கத் தயங்குவார். வீட்டுக்காரர் கேட்டால் தயக்கமின்றி நடக்கும்.