தரங்கம்பாடிக் கரையில் ஒரு கேள்வி



சென்ற மாதம் வாலிபர் கூடுகைக்குப் பின் ஒரு தம்பி என்னைத் தனியே நிறுத்தி, "ஐயரே, நம்மை அடிமைப்படுத்த வந்தவர்களின் கப்பலில்தானே நம் விசுவாசமும் வந்தது என்று வேலையிடத்தில் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?" என்று கேட்டார். வந்தவர்கள் வேறு, வந்த செய்தி வேறு என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே கடந்த வாரம் நாமக்கல், திருச்சி, கும்பகோணம் வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்றேன். மோகனூரில் நாம் பார்க்கும் காவிரி, அந்த ஊருக்குச் சற்று வடக்கே பூம்புகாரில்தான் கடலோடு கலக்கிறது.

கரையில் முதலில் கண்ணில் படுவது கோட்டையும் அலைகளும். அவற்றுக்கு அருகே, கடல் பெரும்பகுதியை அரித்துவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. அது பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அந்நியர் வருமுன்பே இக்கரைக்குப் பெயரும் வழிபாடும் வாணிகமும் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி. வெற்றிடத்தில் வந்து இறங்கியவர் எவரும் இல்லை.

1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர், டென்மார்க் நாட்டவர் இங்கே கோட்டை கட்டி வாணிகம் செய்ய இசைவளித்தார். டேனியர் ஆண்டுதோறும் குத்தகைப் பணம் செலுத்தும் குடிகளாகவே தங்கினர். இருநூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1845இல், அவர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். வாடகைக்கு வந்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போனதைப்போல! அங்கே குடியிருந்த மீனவரையும் நெசவாளரையும் எவரும் கேட்கவில்லை. நம் பகுதியின் கதையும் வேறல்ல. 1792இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் சேலம் சீமை கம்பெனியின் கைக்குப் போனது. அதை எதிர்த்த தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டையை நீங்கள் பேருந்தில் போகும்போதெல்லாம் பார்க்கிறீர்கள்.

இந்தத் தரங்கம்பாடிக்குத்தான் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சோவும் வந்து சேர்ந்தார்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். இதை நாம் மறைக்கக் கூடாது. கம்பெனியின் கப்பலில், மன்னரின் பொருளுதவியோடு அவர்கள் வந்தார்கள். அதே கொடியின்கீழ் அடிமை வாணிகமும் நடந்தது. அத்தம்பியின் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது.

மறு பாதியையும் கேளுங்கள். 1707 மே மாதம் சீகன்பால்கு முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐவரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். எஜமான்களின் சபையன்று, அவர்களால் விலைக்கு வாங்கப்பட்டவர்களின் சபையே முதலில் பிறந்தது. அடுத்த ஆண்டில், இறந்துபோன ஒரு நாவிதரின் விதவைக்குக் கடன் வழக்கு ஒன்றில் அநீதி நேர்ந்தது என்று சீகன்பால்கு கருதினார். எதிராளி கம்பெனியில் பணிபுரிந்த மொழிபெயர்ப்பாளர். சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசினார். அவருடைய தலையீட்டைப் பகையாகக் கண்ட ஆளுநர் ஹாசியுஸ் அவரைச் சிறைப்பிடித்தார். நான்கு மாதங்கள் அவர் காவலில் இருந்தார். கிறிஸ்தவ ஆளுநரே கிறிஸ்தவ ஊழியரைச் சிறைவைத்தார்.

சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் அரிச்சுவடி எழுதிக் கற்றவர் அவர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1719இல், 36ஆம் வயதில் மரித்து, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். குறையற்றவர் என்று சொல்லமாட்டேன். நம் மக்களின் வழிபாட்டைக் குறித்து அவர் கடுமையாகவும் பேசினார். அவர் தொடங்கிய சபையும் சாதிக்கொரு இருக்கை என்ற வழக்கத்தை நெடுங்காலம் சுமந்தது.

அந்தக் கரையில் நின்றபோது நாபோத்தின் திராட்சத்தோட்டம் நினைவுக்கு வந்தது. அதைப் பறிக்க யேசபேல் முதலில் செய்தது என்ன? உபவாசத்தை அறிவிக்கச் சொன்னாள்! பக்தியின் போர்வையில் நிலம் பறிக்கப்பட்டது. அதே தேவனுடைய நாமத்தில்தான் எலியாவும் எழுந்து ஆகாபின் முகத்துக்கு நேரே பேசினான். தேவ நாமம் இரு பக்கத்திலும் உச்சரிக்கப்படலாம். அதைச் சொல்கிறவன் யார் பக்கம் நிற்கிறான் என்பதே கேள்வி.

பிரியமானவர்களே, இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் விசைத்தறியில் வேலைசெய்த ஒரு விதவைத் தாய் என்னிடம் வந்தார். கணவர் வாங்கிய முன்பணத்துக்காக மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தறிக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்று அழுதார். தறி உடைமையாளர் நம் ஆலயப் பணிக்குத் தாராளமாகக் கொடுத்தவர். நான் ஜெபித்தேன், பொறுமையாயிருங்கள் என்றேன், அவரிடம் போய்ப் பேசவில்லை. அந்தப் பையன் தறிக்குப் போனான். சீகன்பால்கு சிறையிருந்த கோட்டைக்கு எதிரே நின்றபோது அந்தத் தாயின் முகமே என் கண்முன் நின்றது. கப்பலில் வந்த அந்நியர் ஒரு விதவைக்காகச் சிறைக்குப் போனார். இம்மண்ணில் பிறந்த நான் நான்கு தெரு நடக்கவில்லை.

ஆகவே, தம்பி, உன் நண்பர்களிடம் இப்படிச் சொல்: "ஆம், அந்தக் கப்பலில்தான் வந்தது. அதற்காக நாங்கள் வெட்கப்பட வேண்டியதும் உண்டு. ஆனால் அது ஒரு விதவைக்காகச் சிறையிலும் இருந்தது." பிறகு அவர்கள், "இப்போது உங்கள் சபை யார் பக்கம்?" என்று கேட்பார்கள். அதற்கு நம் வாழ்க்கையே பதில் சொல்லவேண்டும்.

திரும்பி வந்த மறுநாள் அந்தத் தாயின் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குத் தேநீர் கொடுத்தார். மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவன் விட்ட படிப்பைத் தொடர வழி உண்டா என்று இந்த வாரம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்; தறி உடைமையாளரையும் சந்திக்கப்போகிறேன். எனக்காக ஜெபியுங்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்குமானால், ஞாயிறு ஆராதனைக்கு வருமுன் அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் போதகர்