மாவுச்சத்து நெகிழிகளின் நுண்ணுயிர்ச் சிதைவு

மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி ஆகியவற்றின் மாவுச்சத்தைக் கொண்டு செய்யப்படும் நெகிழிகளை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் நொதிகளால் உடைத்து உணவாக்கிக்கொள்வது. உலர்ந்த மாவுச்சத்தை அப்படியே சூடாக்கினால் உருகாது, கருகும். நீரும் கிளிசராலும் சேர்த்து, சூட்டில் அழுத்திப் பிசைந்தால்தான் வார்க்கும் பதத்துக்கு வரும்.

மண்ணில் விழுந்ததும் இப்பொருள் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, கிளிசரால் கசிகிறது. மாவுச்சத்து மூலக்கூறு நுண்ணுயிரின் உடலுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. அதனால் செரிமானம் வெளியிலேயே நடந்தாக வேண்டும். பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் சுரக்கும் ஆல்ஃபா அமைலேஸ், குளுக்கோஸ் சங்கிலியை இடையிடையே வெட்டுகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சையின் குளுக்கோஅமைலேஸ், நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றுகிறது. மாவுச்சத்தின் கிளைத்த வடிவமான அமைலோபெக்டினில் கிளை பிரியும் கணுக்கள் ஆல்ஃபா அமைலேஸுக்கு மசியாது. புல்லுலனேஸ் போன்ற நொதிகள் அவற்றை அறுக்கின்றன. விடுபட்ட சர்க்கரை உயிரணுவுக்குள் போய், காற்றிருந்தால் கரியமில வாயுவும் நீருமாகிறது. காற்றில்லாத குப்பைமேட்டின் அடியில் மீத்தேனும் உண்டாகிறது.

சிக்கல் மாவுச்சத்தில் இல்லை, அதன் கூட்டாளியில்தான். தனி மாவுச்சத்துப் பை ஒரு மழைக்குத் தாங்காது என்பதால் வேறு பலபடிகளைக் கலக்கிறார்கள். 1970களில் இங்கிலாந்தின் ஜெரால்டு கிரிஃபின் பாலிஎத்திலீனில் மாவுச்சத்துத் துகள்களைக் கலந்தார். இத்தகைய கலவையில் நுண்ணுயிர்கள் தமக்கு எட்டிய மாவை மட்டும் தின்றுவிட்டு, பாலிஎத்திலீனைச் சல்லடையாக விட்டுவைத்தன. உள்ளே புதைந்த துகள்களை நொதி நெருங்கவே இல்லை. பை நொறுங்கியதைக் கண்டு மக்கிவிட்டதாகச் சொல்லி விற்றவர்களும் உண்டு.

பிற்காலக் கலவைகளில் பாலிஎத்திலீனின் இடத்தை, சிதையக்கூடிய பாலியெஸ்டர்கள் பிடித்தன. இத்தாலியின் நோவாமான்ட் நிறுவனத்தின் மேட்டர்-பி இவ்வகையில் பெயர்பெற்றது. பாலியெஸ்டரின் எஸ்டர் பிணைப்பை அறுப்பது அமைலேஸின் வேலையன்று. சூடான உரக்குவியலில் வளரும் தெர்மோபிஃபிடா ஃபுஸ்கா போன்றவற்றின் நொதிகள் அதைச் செய்கின்றன. ஐரோப்பியத் தரநிலை இஎன் 13432, 6 மாதங்களுக்குள் 90 விழுக்காடு கரிமம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்கிறது. ஆனால் இச்சோதனை வழக்கமாக 58 டிகிரி செல்சியஸில் நடப்பது. கொல்லைப்புறக் குழியில் அந்தச் சூடு நீடிப்பது அரிது. அங்கே பொதிகளில் அடைக்கும் மாவுச்சத்து நுரை ஈரம் பட்டதும் குழைந்துவிட, பக்கத்திலேயே கலவைப் பை மாதக்கணக்கில் கிடக்கும்.