ஊசியும் வடுவும்

திருப்போரூர் முருகன் கோயிலில் குழந்தைகட்குக் காது குத்தக் காண்கின்றோம். ஊசித்துளை ஆறிய பின்னும் சிலர்க்குப் புண்ணின் எல்லை கடந்து தோல் தடித்து வளரும். இதனையே கீலாய்டு என்பர் மருத்துவர். எல்லைக்குள் அடங்கித் தடிப்பது வேறுவகைத் தழும்பு. கீலாய்டை அறுத்தெடுத்தல் மட்டும் போதாது. பெரும்பாலும் மீண்டும் வளரும். ஆதலின் ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் தகடு, அழுத்தக் கட்டு ஆகியவற்றையும் உடன்கொள்வர். குடும்பத்தில் எவர்க்கேனும் இது தோன்றியிருப்பின், காது குத்துமுன் மருத்துவரை வினவுதல் நன்று.

ஊசியையும் வடுவையும் ஒருங்கு வைத்துப் பாடியவர் பரணர். செங்குட்டுவனைப் பாடும் பதிற்றுப்பத்து 42ஆம் பாட்டில், மறவர் மார்பின் புண்ணைத் தைக்கும் நெடிய ஊசிக்குக் குளத்துள் மூழ்கியெழும் மீன்கொத்தி உவமையாகின்றது. குருதியுள் மறைந்து வெளிப்படும் ஊசியை அருகிருந்து கண்டாரன்றி இவ்வுவமை கூறல் அரிது என்பது எம் கருத்து. புண்வாயை இணைத்துத் தைத்தலே தழும்பைக் குறைக்கும் முதல்வழி என இன்றைய மருத்துவமும் கொள்ளும். மறவரோ வடுவை அணியெனப் போற்றினர். அதனை நீக்க விரும்பியிரார்.

அவ்வடுவைப் பரந்தது என்கின்றார் புலவர். மார்போ கீலாய்டு மிகுதியும் தோன்றும் இடம். எனவே அதுவே இது எனத் துணிய மனம் விரையும். யாம் உடன்படோம். பரத்தல் என்பது தைத்த வடுவின் நீளத்தையும், பல வடுக்கள் மார்பெங்கும் கிடத்தலையும் சுட்டலாம். புண்ணாறிய பின் வளர்ந்தமைக்கு அப்பாட்டில் சொல் இல்லை.