டேஷ்போர்டில் ஒரு செவ்வகம்

போன மாசம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய 1996 மாடல் காரில் ஸ்டீரியோ மறுபடியும் படுத்துவிட்டது. "மூணாவது செட்டுடா இது. இந்தக் காருக்குப் பாட்டு ராசி கிடையாது" என்றார். நான் கழற்றிப் பார்க்கிறேன் என்றேன். ராசி என்று யாராவது சொன்னால் எனக்குக் கை சும்மா இருக்காது.

முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றினேன். செட்டின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய தகட்டுச் சாவிகளைச் செருகினால் உள்ளே ஸ்பிரிங் விலகி, செட் டிராயர் மாதிரி வெளியே வந்துவிடும். வந்தது. முகப்பை அளந்தேன்: 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இந்த அளவுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் தன் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்குப் போனார். உள்ளே கடை போடக் காசில்லை. வாசலில் காரை நிறுத்திப் பாட்டை அலறவிட்டார். மோட்டோரோலா என்ற பெயர் பிறந்தது அந்த ரேடியோவுக்காகத்தான். கடன் கேட்டுப் போன இடத்தில், வங்கிக்காரரின் காரில் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தாராம்; அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்ததாம். இது செவிவழிக் கதைதான், ஆனால் நினைவில் வையுங்கள். 1932-இல் ஜெர்மனியில் வந்த பிளாபுங்க்ட் ரேடியோ சுமார் பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி. ஸ்டியரிங் பக்கம் கைக்கு எட்டுகிற மாதிரி குமிழை மட்டும் வைத்தார்கள். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் ரேடியோ ஒல்லியானது.

அப்புறமும் ஆளுக்கொரு அளவு. ஜெர்மானியர்கள் டின் 75490 என்று ஓர் அளவை வகுத்தார்கள். 1984-இல் அதுவே ஐ.எஸ்.ஓ. 7736 என்று உலகத் தரமானது. எந்தக் கம்பெனி செட்டும் எந்தக் கம்பெனி காரிலும் உட்காரும், சுலபமாகக் கழற்றலாம். சுலபம் திருடனுக்கும்தானே? அதனால்தான் முகப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகும் செட்டுகள் வந்தன.

துளை ஒரே அளவாகிவிட்டது. பின்னால் இருக்கும் வயர்? அதற்கும் ஐ.எஸ்.ஓ. 10487 என்று ஒரு தரம் உண்டு: மின்சாரத்துக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, எட்டெட்டு முனை கொண்ட இரண்டு பிளக். ஆனால் எல்லாக் கார்களும் அதைப் பின்பற்றவில்லை. பிளக் பொருந்தாத இடத்தில் கட்டிங் பிளேயர் பேசும்.

சித்தப்பா காரில் அது நிறையப் பேசியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கு தெரிகிற மாதிரி இருந்தது. மேலே சி.டி. செட் காலத்துக் கறுப்பு டேப். அதன் கீழே கேசட் செட் காலத்துப் பிசுபிசுத்த டேப். எல்லாவற்றுக்கும் அடியில் கம்பெனி வயர், பிளக் வெட்டப்பட்டு மொட்டையாக.

இரண்டு விஷயம் பிடிபட்டது. பழைய செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் நெகடிவ் வயரை கார் பாடியில் இணைத்துவிடுவார்கள். இன்றைய செட்டில் அது கூடாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயரும் செட்டிலிருந்தே போக வேண்டும். பாடியில் பட்டால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். இங்கே கேசட் காலத்து இணைப்பு அப்படியே இருந்தது. செட்டுகள் ஏன் வரிசையாகச் செத்தன என்பதற்கு விடை கிடைத்தது.

இரண்டாவதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. மஞ்சள் வயர், அதாவது பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும் வயர். அதில் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். சுற்றியிருந்த டேப் கருகியிருந்தது. அந்தக் காரில்தான் சித்தப்பா தினமும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்.

சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "செட்டைத்தான் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

பழைய டேப்பெல்லாம் உரித்து, ஸ்பீக்கருக்குப் புது வயர் இழுத்து, செட்டின் கையேட்டில் சொன்ன அளவில் பியூஸ் போட்டு முடிக்க ஒரு நாள் ஆனது. புது செட்டைத் தள்ளி மூடுமுன் ஒரு காகிதத்தில் எந்த நிறம் எதற்கு என்றும், தேதியும் எழுதி உள்ளே ஒட்டினேன். மஞ்சள் பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த்.

எனக்கு முன்னால் அங்கே கை வைத்த இரண்டு பேரில் ஒருவர் இப்படி ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தால் போதுமே. அடுத்து கழற்றப் போகிறவருக்காவது அது இருக்கட்டும்.